உப்புத் துகள் வரையும் கோலமும் மிருதங்கத்தின் கறுப்பு வட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியலையும் இசையையும் ஓவியத்தையும் கலந்து இணையத்தில் வரும் விளையாட்டுத்தனமான காணொளிகள் மாணவர்களின் நேரத்தை விழுங்குகின்றன என்றும், பாடம் படிக்க வேண்டிய பிள்ளைகள் கைப்பேசியில் அவற்றைப் பார்த்தபடியே பொழுதைக் கழிக்கிறார்கள் என்றும் தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் வருத்தத்துடன் எழுதியிருந்தார். அவருடைய கவலையில் நியாயம் உண்டு. ஆயினும் 31 ஆண்டுகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தக் காணொளிகளில் சிலவற்றுக்காகப் பரிந்து பேச வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். அறிவியல் செய்திகளைப் பாட்டாகக் கட்டிப் பாடும் காணொளிகள் ஒரு வகை. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் துகள் மோதுவியைப் பற்றி 2008-ஆம் ஆண்டில் கேட் மக்ஆல்பைன் என்பவர் ராப் பாட்டு எழுதிப் பாடி வெளியிட்டார். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த டிம் பிளேஸ், 2013-ஆம் ஆண்டில் இழைக் கோட்பாட்டை ஒரு புகழ்பெற்ற ராக் பாட்டின் மெட்டில் தானே பல குரல்களில் பாடினார். இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நிகண்டையும் வைத்தியத்தையும் செய்யுளாக்கி மனப்பாடம் செய்தவர்களின் வழிவந்த நமக்கு, பாட்டு நினைவில் நிற்கும் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அங்கே இசை என்பது சுமந்து செல்லும் வண்டி மட்டுமே. மெட்டை எடுத்துவிட்டாலும் செய்தி அப்படியே இருக்கும். நான் பேச விரும்புவது, ஒலியே வேலை செய்து கண்முன் ஓவியம் தீட்டும் மற்றொரு வகையைப் பற்றி.

நியூசிலாந்து இசைக்கலைஞர் நைஜல் ஸ்டான்ஃபோர்ட் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைக் காணொளியைத் தங்கள் வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். நடுவில் தாங்கி நிறுத்தப்பட்ட ஓர் உலோகத் தட்டின்மீது மணல் தூவப்பட்டிருக்கிறது. அடியிலிருந்து ஒலி ஊட்டப்படுகிறது. சிதறிக் கிடந்த துகள்கள் துள்ளி ஓடி, கோடுகளாகவும் வளைவுகளாகவும் அணிவகுக்கின்றன. சுரம் உயர்ந்ததும் பழைய கோலம் கலைந்து, அதைவிட நுணுக்கமான இன்னொன்று பிறக்கிறது. ஒரே தட்டு, ஒரே மணல். மாறியது ஒலியின் அதிர்வெண், அதாவது அது நொடிக்கு அதிரும் எண்ணிக்கை மட்டும். தட்டு அதிரும்போது அதன் சில பகுதிகள் மேலும் கீழும் விசையுடன் ஆடுகின்றன. சில கோடுகள் மட்டும் அசையாமல் நிற்கின்றன. ஆடும் இடத்தில் மணல் தங்க முடியாது. தூக்கி எறியப்பட்டு எறியப்பட்டு, கடைசியில் அசையாத கோட்டில் போய் அடைக்கலம் புகுகிறது. பதினோராம் வகுப்புப் பாடத்தில் அசையாத இடத்தைக் கணு என்றும் மிகுதியாக ஆடும் இடத்தை எதிர்க்கணு என்றும் நாங்கள் கரும்பலகையில் வரைந்து காட்டும்போது கண்ணைக் கொட்டியபடி கேட்டுக்கொண்டிருந்த மாணவன், அந்தக் கணுக்கோடு மணலால் எழுதப்படுவதைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறான். இதை நான் ஒரு தடவை அல்ல, ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

இதை வெறும் வேடிக்கை என்று தள்ளுகிறவர்களுக்கு, இது பிறந்ததே வேடிக்கையாகத்தான் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். 1680-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் கண்ணாடித் தகட்டில் மாவைத் தூவி, விளிம்பை வில்லால் இழுத்து இத்தகைய உருவங்களைக் கண்டார். ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787-ஆம் ஆண்டில் தம் நூலில் அவற்றை வகைவகையாக வரைந்து வெளியிட்டார். நிலையான பல்கலைக்கழகப் பதவி ஏதும் வாய்க்காத அவர், தட்டையும் மணலையும் பிடில் வில்லையும் தாமே உருவாக்கிய இசைக்கருவிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பிய நகரங்களில் ஊர் ஊராகச் செய்துகாட்டிப் பிழைத்தவர். 1809-ஆம் ஆண்டில் பாரிஸில் நெப்போலியன் முன்னிலையிலும் அதையே செய்துகாட்டினார். அதிரும் தட்டில் ஏன் இந்த உருவங்கள் தோன்றுகின்றன என்பதற்குக் கணித விளக்கம் தருவோருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. பெண் என்பதால் உயர்கல்விக் கூடத்தில் இடம் கிடைக்காமல், பிறர் எழுதிய பாடக்குறிப்புகளைப் பெற்றுத் தாமாகப் படித்த சோஃபி ஜெர்மெய்ன், இரண்டு முறை முயன்று தோற்று, மூன்றாம் முயற்சியில் 1816-ஆம் ஆண்டில் அந்தப் பரிசைப் பெற்றார். வளைந்த பொருள் பழைய வடிவுக்குத் திரும்புவதை விளக்கும் மீள்தன்மைக் கோட்பாட்டின் தொடக்கப் படிகளில் ஒன்று அது. ஊர்சுற்றி ஒருவர் காட்டிய மணல் வித்தை அங்கே கொண்டுபோய் விட்டது என்றால், இன்று கைப்பேசித் திரையில் அதே மணலைப் பார்க்கும் பிள்ளையை நாம் ஏன் அவ்வளவு எளிதில் கடிந்துகொள்ள வேண்டும்?

ஆனால் ஒன்று; பார்ப்பதோடு நின்றுவிட்டால் கடிதம் எழுதிய அந்த வாசகர் பக்கம்தான் நானும் நிற்பேன். காணொளியில் எல்லாமே முதல் முயற்சியில் கச்சிதமாக அமைந்துவிடுகின்றன. அதனால் அதில் கேள்வி எழுவதில்லை. பழுதடைந்த வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கியையும், பட்டறையில் வெட்டி வாங்கிய 25 சென்டிமீட்டர் பக்கமுள்ள தகரத் தட்டையும் கொண்டு எங்கள் ஆய்வகத்தில் நாங்களே இதைச் செய்தோம். தூள் உப்பு கணுக்கோடுகளில் ஒழுங்காகச் சேர்ந்தது. மாணவி ஒருத்தி, உப்புக்குப் பதிலாக முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவிப் பார்க்கலாமா என்று கேட்டாள். தூவினோம். அது நேர்மாறாக, தட்டு மிகுதியாக ஆடும் இடங்களிலேயே சிறு சிறு குவியல்களாகக் கூடியது. செய்முறையில் எங்கோ பிழை நேர்ந்துவிட்டது என்றுதான் நான் முதலில் எண்ணினேன். பிறகு தேடிப் படித்தபோது, இதே புதிரை மைக்கேல் ஃபாரடே 1831-ஆம் ஆண்டில் அவிழ்த்திருக்கிறார் என்று தெரிந்தது. ஆடும் தட்டின்மேல் காற்றில் சிறு சுழற்சிகள் உண்டாகின்றன; கனமான மணலை அவற்றால் நகர்த்த முடியாது, மெல்லிய தூளை மட்டும் வாரிக்கொண்டு போய் நடுவில் சேர்க்கின்றன. மறுநாள் வகுப்பில் அதைச் சொன்னபோது, தான் கேட்ட கேள்வி ஃபாரடே கேட்ட கேள்வி என்று அறிந்த அந்தப் பெண்ணின் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. எந்தக் காணொளியும் அவளுக்கு அதைத் தந்திருக்க முடியாது. ஆனால் காணொளி இல்லாவிட்டால் எங்கள் ஆய்வகத்துக்குத் தகரத் தட்டே வந்திருக்காது என்பதும் உண்மை.

இனி நான் சொல்லவிருப்பதே இக்கடிதத்தை எழுதத் தூண்டிய செய்தி. அதே வகுப்பில், மிருதங்கம் செய்யும் தொழிலில் உள்ள குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். தட்டின்மேல் கோலம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "ஐயா, எங்க வீட்டுல கரணை வைக்கிறதும் இதுக்குத்தானா?" என்று கேட்டான். கரணை என்பது மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலையின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டம். சோறு என்றும் சொல்வார்கள். கிட்டம் எனப்படும் கறுப்புக் கல்லை இடித்துச் சலித்த பொடியைச் சோற்றுடன் பிசைந்து, மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாக அப்பி, ஒவ்வொரு படலத்தையும் கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, மீண்டும் அப்பி அதை வளர்க்கிறார்கள். எத்தனை படலம், எவ்வளவு தடிமன் என்பதை அவர்களுடைய காது முடிவு செய்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொன்னவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன்.

வெறும் வட்டத் தோலை இழுத்துக்கட்டித் தட்டினால், அடிப்படைச் சுரத்துடன் சேர்ந்து எழும் மேற்சுரங்கள் அதைப்போல் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒன்றோடொன்று ஒட்டாத விகிதங்களில் அமைகின்றன. ஆகவே காதில் விழுவது சுருதி பிடிபடாத முழக்கமே. உலகின் பெரும்பாலான முரசுகள் அப்படிப்பட்டவைதாம். மிருதங்கத்திலும் தபலாவிலும் நடுவே கனம் ஏற்றப்பட்டிருப்பதால் இந்த விகிதங்கள் இடம்பெயர்ந்து, ஏறத்தாழ 1, 2, 3, 4, 5 என்ற முழு எண்களில் வந்து அமர்கின்றன; தந்தியைப் போலவே தோலும், அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளான சீரிசைகளை எழுப்புகிறது. இராமன் இதை 1920-ஆம் ஆண்டில் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் முதலில் அறிவித்தார். தாம் அப்போது நிறுவியிருந்த இந்திய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில் 1934-ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். அதற்கு அவர் கையாண்ட வழிதான் என்னை வியக்க வைக்கிறது: தோலின்மேல் நுண்மணலைத் தூவித் தட்டி, மணல் சேர்ந்த கோடுகளைப் படமெடுத்தார். கிளாட்னி வண்டியில் ஏற்றிச் சென்ற அதே மணல்! மோதிர விரலைக் கரணையின் ஓரத்தில் இலேசாக வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் விளிம்பில் அடித்து 'நம்' என்று ஒலிக்கச் செய்யும் வித்துவான், தம் மோதிர விரலால் தோலின் குறுக்கே ஒரு கணுக்கோட்டை வரவழைத்து, அடிப்படைச் சுரத்தை அடக்கி, இரண்டாம் சீரிசையைப் பேச வைக்கிறார். இதை எந்தப் பாடநூலும் அவருக்குச் சொல்லவில்லை. எந்தப் பாடநூலும் கரணை வைத்த தொழிலாளிக்கும் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காதால் கண்டறிந்ததை, நோபல் பரிசு பெற்ற ஒருவர் மணலால் எழுதிக் காட்டினார்.

ஐயா, இந்த ஒரு செய்தியைத் தமிழில், தோலின்மேல் மணல் நகர்வதை மிக அருகிலிருந்து காட்டி, வேகக் கேமராவில் பிடித்து, ஐந்து நிமிடக் காணொளியாக எவரேனும் அழகாகச் செய்து தந்தால், தமிழ்நாட்டின் ஒவ்வொரு பதினோராம் வகுப்பிலும் அதைப் போட்டுக் காட்டலாம். வெளிநாட்டார் உலோகத் தட்டில் செய்வதை நாமும் உலோகத் தட்டில் செய்து, தமிழில் குரல் மட்டும் கொடுப்பது எனக்கு நிறைவளிக்கவில்லை. நம் கைக்கெட்டும் தொலைவில், அதைவிட வளமான பொருள் இருக்கிறது.

ஊசல்களைக் கொண்டு செய்யும் காணொளியும் இத்தகையதே. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் காட்டும் அமைப்பில் 15 ஊசல்கள் வரிசையாகத் தொங்குகின்றன. மிக நீளமானது 60 நொடிகளில் 51 முறை ஆடுகிறது, அடுத்தது 52, அதற்கடுத்தது 53 என்று கூடிச் சென்று கடைசி ஊசல் 65 முறை ஆடுகிறது. ஒன்றாகப் புறப்பட்டவை பாம்புபோல் நெளிந்து, இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து ஆடி, குழம்பியதுபோல் தோன்றி, சரியாக 60-ஆம் நொடியில் மீண்டும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. வெவ்வேறு நடைகளில் சென்ற தாளக் கணக்குகள் சமத்தில், அதாவது தாளத்தின் தொடக்க அடியில், வந்து விழும்போது கச்சேரியில் அவையோர் 'ஆகா' என்பது இதற்காகத்தான். நீளங்களைக் கணக்கிடப் பாடநூலில் உள்ள ஒற்றைச் சூத்திரமே போதும். நீளமான ஊசல் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர், குட்டையானது 21 சென்டிமீட்டர். நூலும் ஒரே அளவுள்ள 15 இரும்பு நட்டுகளும் ஒரு மரச்சட்டமும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் செய்யலாம். நீளத்தில் ஓரிரு மில்லிமீட்டர் பிசகினாலும் வரிசை கூடாது என்பதால், அளவெடுப்பதில் கவனம் வேண்டும் என்று நான் ஆண்டு முழுவதும் சொல்லியும் ஏறாதது அந்த ஒரு பிற்பகலில் ஏறிவிட்டது.

இவ்வளவும் சொன்ன நான், இக்காணொளிகளில் உள்ள குறைகளை மறைத்தால் நேர்மையாகாது. ஒலிபெருக்கியை ஒட்டி விழும் தண்ணீர், திருகுச் சுருள்போல் வளைந்து அந்தரத்தில் உறைந்து நிற்பதாகக் காட்டும் காணொளி மிகவும் பரவியது. ஒலி தண்ணீரை உறைய வைத்துவிட்டது என்றே பிள்ளைகள் நம்பினார்கள். உண்மையில் கேமரா நொடிக்கு 24 படங்கள் எடுக்கிறது. ஒலிபெருக்கியும் நொடிக்கு 24 முறை அதிர்கிறது. ஒவ்வொரு படத்திலும் தண்ணீர் ஒரே தோற்றத்தில் சிக்குவதால் நின்றதுபோல் தெரிகிறது. அதிர்வை 23 ஆக்கினால் தண்ணீர் மேல்நோக்கி ஏறுவதுபோலவும் தெரியும். நேரில் நிற்பவர் கண்ணுக்கு நடுங்கி விழும் தண்ணீர்தான் தெரியும். திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுவதும் இதே காரணத்தால்தான். இதைச் சொல்லிவிட்டுக் காட்டினால் அது அருமையான பாடம். சொல்லாமல் காட்டினால் ஏமாற்று.

அதைவிடக் கவலை தருவது, இந்த மணல் கோலங்களைச் சான்றாகக் காட்டிப் பரப்பப்படும் பொய்கள். குறிப்பிட்ட மந்திரத்தை உச்சரித்தால் தட்டில் வழிபாட்டுக்கு வரையும் குறிப்பிட்ட யந்திரத்தின் உருவம் தானாகத் தோன்றும் என்கிறார்கள். தோன்றும் உருவத்தை முடிவு செய்பவை தட்டின் வடிவம், அளவு, தடிமன், அது எந்த இடத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பது, ஊட்டப்படும் அதிர்வெண் ஆகியவை. சொல்லின் பொருள் தட்டுக்குத் தெரியாது. சதுரத் தட்டை எடுத்துவிட்டு வட்டத் தட்டை வைத்தால் அதே ஒலிக்கு வேறு கோலம் வரும். இறைநம்பிக்கை உள்ளவன் என்ற முறையிலும் சொல்கிறேன், நம்பிக்கைக்கு இத்தகைய பொய்ச்சான்று தேவையில்லை.

அவ்வாறே, 440 ஹெர்ட்ஸ் என்ற அனைத்துலகச் சுருதி அளவு மனத்தைக் கெடுப்பது என்றும், 432 ஹெர்ட்ஸே இயற்கையின் சுருதி என்றும் சொல்லி, பின்னதற்கு மட்டும் அழகிய கோலம் தோன்றுவதாகக் காட்டுகிறார்கள். தடிமன் மாறாத தட்டின் பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் அதே கோலம் நான்கில் ஒரு பங்கு அதிர்வெண்ணில் தோன்றும். இந்தக் கணக்கின்படி, 432-இல் அழகு காட்டும் எங்கள் 25 சென்டிமீட்டர் தட்டின் பக்கங்களைச் சற்றேறக்குறைய 2.3 மில்லிமீட்டர் தேய்த்துக் குறைத்தால், அதே அழகை அது 440-இல் காட்டும். மேலும், நம் பாடகர்கள் எவரும் இந்த எண்களுக்குக் கட்டுப்பட்டுப் பாடியவர்கள் அல்லர். அவரவர் குரலுக்கு ஏற்ப ஒரு கட்டை, நான்கு கட்டை, ஐந்தரைக் கட்டை என்று சுருதி வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள். அதே இராகம் எந்தக் கட்டையிலும் அதே இராகம்தான். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த ஊர்களிலேயே இந்தக் கதை செல்லுபடியாவதைக் காணும்போது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

ஆகவே, இத்தகைய காணொளிகளைத் தமிழில் உருவாக்கும் இளைஞர்களிடம் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கேட்கும் இசை தட்டை அதிரவைத்த அதே ஒலியா, பின்னர் சேர்க்கப்பட்டதா என்பதையும், அதிர்வெண், தட்டின் அளவு, கேமராவின் வேகம் ஆகியவற்றையும் காணொளியின் கீழே எழுதுங்கள். அந்த நான்கு செய்திகள் இருந்தால் எங்கோ ஒரு கிராமத்துப் பள்ளி மாணவர் அதைத் திரும்பச் செய்து பார்க்க முடியும். மிருதங்கத்தைப் பற்றிச் செய்வதானால், மேடையில் வாசிப்பவரிடம் போகுமுன் கரணை வைப்பவரின் பட்டறைக்குப் போங்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் போடுங்கள். ஒலிக்கேற்பத் தீச்சுடர்கள் ஆடும் நெருப்புக் குழாய், உயர் மின்னழுத்தத்தில் பொறி பறக்கும் மின்பொறிச் சுருள் போன்றவற்றை வீட்டில் செய்யக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

தங்கள் மாணவர் இணைப்பில் வாரம் ஒரு செய்முறைக்கு இடம் ஒதுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரத்துக்கு மிக எளியது ஒன்று உண்டு. எவர்சில்வர் கிண்ணத்தின் வாயில் கிழிந்த பலூனை இறுக இழுத்துக் கட்டி, மேலே தூள் உப்பைத் தூவி, அருகில் முகத்தை வைத்து 'ஊ' என்று பாடிச் சுருதியை மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் உப்பு துள்ளி எழுந்து வரிசை கட்டும். எந்தச் சுருதியில் கட்டியது என்பதைப் பிள்ளைகள் எழுதி அனுப்பட்டும்.

எங்கள் தகரத் தட்டும் ஒலிபெருக்கியும் இன்றும் என்னிடம் நல்ல நிலையில் இருக்கின்றன. தஞ்சை மாவட்டத்தில் காலையில் பேருந்தில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய தொலைவிலுள்ள எந்தப் பள்ளி அழைத்தாலும், அவற்றை எடுத்துக்கொண்டு வந்து செய்துகாட்டக் காத்திருக்கிறேன். உப்பை மட்டும் பள்ளியில் வாங்கி வைத்திருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற இயற்பியல் முதுகலை ஆசிரியர்,
கும்பகோணம்.